பன்னிரண்டடிக் குழாய்

என் தம்பி பேருந்தை ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டான் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தூங்கினான். விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப்போன பிறகும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் வந்து தோளை உலுக்கினார். அதே டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதிய கைக்கு, ஓட்டும்போது தூங்கினான் என்பதும் நிறுத்தியபோது தூங்கினான் என்பதும் ஒன்றல்ல.

டிப்போ மருத்துவர் அவனைப் பரிசோதனைக்கு அனுப்பினார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்று சீட்டு வந்தது. மறுபடி வண்டி ஓட்ட வேண்டுமானால் ஒரு மெஷின் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அது குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாக அந்தக் காற்று போய்த் தொண்டையை அடைக்காமல் திறந்து வைத்திருக்கும். முப்பது நாள் அப்படித் தூங்கிக் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதையெல்லாம் மெஷினுக்குள் இருக்கும் ஒரு சின்ன அட்டை பதிந்துவைக்கும். கடைசிப் பத்து நாளில் மூச்சு நிற்பது சராசரியாக மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் மருத்துவர் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் என் தம்பி இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதுவரைக்கும் டிப்போ டீசல் பங்கில் இரவுக் காவல். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இரவெல்லாம் காவல் இருந்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்து படுப்பான், மூன்று மணிக்கு எழுந்திருப்பான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் தம்பி மனைவியும் என்னோடு இருக்கிறார்கள். அவள் நகரக் குடிநீர் பம்ப்ஹவுஸில் ஆபரேட்டர். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும். முன்கூடத்தில் என் நாற்காலி. பக்கவாட்டில் அவர்கள் படுக்கையறை, அதன் பின்னால் சாமான் அறை. இரண்டு அறைக்கும் வாசல் முன்கூடத்தில்தான்.

மெஷின் வந்த அன்று இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன்.

“இந்தச் சங்கதி நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது. அப்பா ஓட்டின டிப்போ, நான் இருந்த டிப்போ. இவன் மெஷின் வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறான்னு தெரிஞ்சா ஒருத்தன் மதிப்பானா? வெளியில யாரும் மூச்சு விடக் கூடாது.”

“மூச்சு விடறதுக்குத்தானேண்ணே மெஷினே குடுத்திருக்காங்க,” என்றான் தம்பி.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ எழுந்து போனாள்.

முதல் ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. கட்டிலருகே ஸ்டூலில் மெஷின், அதிலிருந்து ஆறடிக் குழாய், குழாயின் முனையில் தம்பி. அவன் எழுந்ததும் திரையில் எண் தெரியும். நான்கு, மூன்று, நான்கு, மூன்று, மூன்று, நான்கு. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் அதை ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். மூன்றாம் நாளே அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. தலைவலி இல்லை, எரிச்சல் இல்லை. என்னிடமே ஜோக் அடித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் காலை ரேடியோ வந்தார். எதிர்வீட்டுக்காரர். ஒரு செய்தி காதில் விழுந்தால் தெருமுனை போவதற்குள் ஒலிபரப்பிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். அவருக்கே தெரியும், அதற்காக வருத்தப்பட்டதில்லை.

“உள்ள என்ன சார், யாரோ ஊதற மாதிரி சத்தம்?”

“ஃபேன். பேரிங் போயிடுச்சு.”

“பேரிங் போனா கிறீச்சுனுல்ல கேக்கும்? இது பாம்பு சீறற மாதிரி இருக்கே.”

“புது மாடல்.”

அவர் நம்பாமல் படுக்கையறை வாசல் திரைச்சீலையைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அன்று சாயங்காலம் அவள் ஷிஃப்டில் இருந்தாள், தம்பி கடைக்குப் போயிருந்தான். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் பழைய ஒயர் போன துளை ஒன்று இருந்தது. அதை உளியால் பெரிதாக்கினேன். மருத்துவச் சாமான் கடையில் அதே கம்பெனிக் குழாய் இன்னொன்று வாங்கி வந்து, ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்பை நடுவில் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினேன். மெஷின் சாமான் அறைக்குப் போனது. குழாய் பீரோவுக்குப் பின்னால் இறங்கி ஏறி, துளை வழியாகக் கட்டிலுக்கு வந்தது. படுக்கையறையில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல வேலை செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

“சத்தத்துல உன் தூக்கம் கெடுதுன்னு மாத்தி வெச்சேன்,” என்றேன் தம்பியிடம்.

அன்றிரவு திரும்பி வந்தவள் துளையைப் பார்த்தாள். “குழாய் எட்டுதா மாமா?”

“தாராளமா எட்டுது.”

மேற்கொண்டு அவள் கேட்கவில்லை. வீட்டு விஷயத்தில் நான் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. அதன்பின் காலையில் தம்பி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொல்லும் கண்டக்டரைப்போல “ரைட்” என்பான். சாமான் அறையில் நான் பொத்தானை அழுத்துவேன்.

மறுநாள் திரையில் பதினொன்று. அதற்கடுத்த நாள் பதினான்கு. பிறகு பதினேழு.

இங்கிருந்துதான் நான் அவளைச் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். பதினேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நேரத்துக்கு வருவாள், நேரத்துக்குப் போவாள் என்பதற்குமேல் நான் அவளைப் பற்றி யோசித்ததில்லை.

ஒரு நாள் காலை திரைச்சீலை விலகியிருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் அவள், மடியில் நோட்டு. கண் தம்பியின் மார்பில் ஒரு தடவை, சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளில் ஒரு தடவை. அவன் ஐந்து மூச்சு அவசர அவசரமாக இழுத்தான். பிறகு ஒன்றுமே இல்லை. மார்பு அப்படியே நின்றது. அவள் கையை நீட்டி அவனை எழுப்பவில்லை, வாயால் ஒரு சத்தம் போடவில்லை. பன்னிரண்டு நொடி என்று எழுதினாள். அவன் பெரிதாக ஒரு இழுப்பு இழுத்துத் திரும்பிப் படுத்தான். அதையும் எழுதினாள். கடிகாரம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். அப்படி ஒருவர் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை.

அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள். மாஸ்க்கின் பட்டையை ஒரு கண்ணி இறுக்கினாள், எண் குறையவில்லை, பழையபடி தளர்த்தினாள். மாஸ்க்கின் ரப்பரில் முக எண்ணெய் படிந்து நழுவுகிறதோ என்று சோப்பு நீரில் கழுவினாள். மல்லாந்து படுப்பதுதான் காரணமோ என்று அவன் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிப் பக்கவாட்டில் படுக்கவைத்தாள், கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. மூக்கடைப்புக்கு உப்பு நீர். காற்று வடிகட்டிக்குப் புதுப் பஞ்சு. தண்ணீர்த் தொட்டியின் சூட்டை இரண்டு படி ஏற்றினாள், அன்றைக்குத்தான் எண் பத்தொன்பதுக்குப் போனது.

“எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட வேண்டியதுதானே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒரே நாள்ல ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு எப்படி மாமா தெரியும்?”

“என்னை வெச்சு மோட்டார் ரிப்பேர் கத்துக்கறாண்ணே,” என்றான் தம்பி. “பம்ப்ஹவுஸ் மேடம், எப்ப என்னைக் கழட்டிப் பாக்கப் போறீங்க?”

“கழட்டினா திரும்ப மாட்ட ஸ்பேர் கிடைக்காது. பேசாம படுங்க.”

பதினாறாம் நாள் மெஷின் கம்பெனியின் டெக்னீஷியன் போன் செய்தார். அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

“குழாய் கம்பெனி குடுத்ததுதானே சார்? வேற எதையும் மாத்தலையே?”

“கம்பெனிக் குழாய்தான்,” என்றேன். இரண்டுமே கம்பெனிக் குழாய்தான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சுவரில் எங்கே துளை இருக்கிறது என்பதைப் போனில் ஒரு அந்நியரிடம் சொல்வதாவது என்றுதான் அப்போது தோன்றியது.

“அப்ப குழாய் பிரச்சினை இல்ல,” என்று அவர் யோசித்தார். “சில பேருக்குத் தொண்டை அடைக்காமலே, மூளையே மூச்சு விடச் சொல்ல மறந்துடும். அப்படி இருந்தா இந்த மெஷின் உதவாது. முப்பது நாள் முடியட்டும், டாக்டர் பாப்பார்.”

இதை நான் சொன்னதும் தம்பியின் முகம் விழுந்துவிட்டது. ஜோக் நின்றது. இருபத்தொன்றாவது நாள் காலை காவல் முடிந்து வந்தவன், சட்டையைக் கழற்றிக்கொண்டே, “இன்னிலேருந்துதான் கணக்கு,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “டீசல் பங்கும் பழகிடும்ணே. உக்காந்த வேலைதான்,” என்றான். அவன் அதைச் சமாதானமாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்து இரண்டு வார்த்தை கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் “ரைட்” சொல்லிப் படுத்து இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். அவள் முன்கூடத்துக்கு வந்து என் நாற்காலி எதிரே நின்றாள்.

“மாமா, நேத்து ஸ்டேஷனுக்கு ஒரு அம்மா வந்து சண்டை. கடைசித் தெரு. வாளி நிறையலைங்கறாங்க. எங்க மீட்டர்ல பிரஷர் சரியா இருக்கு. நானும் மீட்டரைக் காட்டிக் காட்டிப் பேசிட்டிருந்தேன். அப்புறம் பைப் போற வழியா நடந்து பாத்தேன். நடுவுல ஒரு ஜாயின்ட் ஒழுகுது.”

“அதுக்கென்ன?”

“மெஷின் காட்டற பிரஷர் மெஷின்கிட்ட இருக்கற பிரஷர்தானே மாமா? அவர் மூக்குகிட்ட எவ்வளவுன்னு நாம பாக்கவே இல்லையே. நானும் இத்தனை நாளா ரெண்டு முனையையே பிடிச்சிட்டிருந்தேன். பைப் வழியா நடக்கவே இல்ல.”

அவள் சாமான் அறைக்குப் போனாள். நானும் போனேன். “பீரோ கனமா இருக்கும்,” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தோளைக் கொடுத்து ஒரு முழம் நகர்த்திவிட்டாள். சேலையிலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு விரலில் பிடித்து, மெஷினிலிருந்து குழாயோடு குழாயாகக் கொண்டுபோனாள். நூல் அசையாமல் தொங்கியது. கறுப்பு டேப் வந்த இடத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது.

பிறகு குழாயின் தொய்ந்த பகுதியை மெதுவாக உயர்த்தினாள். உள்ளே களகளவென்று தண்ணீர் ஓடியது. தொட்டியின் சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த அறையைக் கடந்து வரும்போது குழாயிலேயே நீராகத் தேங்கியிருந்தது. தம்பி மூச்சை இழுக்கும்போது தண்ணீர் ஏறியது, விடும்போது இறங்கியது. பாதிக் காற்று டேப் வழியாகப் போக, மீதிக் காற்று தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டு அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதினான்கு நாளாக.

யார் போட்ட இணைப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க ஆள் கிடையாது.

“மெஷின் அவர் பக்கத்துக்கு வரணும் மாமா. ஒரே குழாய். இப்பவே.”

“எழுந்தப்புறம் மாத்திக்கலாமே.”

“எழுந்தப்புறம்னா இன்னிக்குக் கணக்கு போச்சு. பத்துல ஒண்ணு.”

அப்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். “சார் இருக்கீங்களா?” ரேடியோவின் குரல். நாற்காலி இழுத்து உட்காரும் சத்தமும் கேட்டது.

இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக முன்கூடத்தைத் தவிர வழி இல்லை.

“அவர் போகட்டும்,” என்றேன் தாழ்ந்த குரலில்.

“அவர் போக ஒரு மணி நேரம் ஆகும். அதுல உங்க தம்பிக்கு இருபது தடவை மூச்சு நிக்கும். சொல்லுங்க மாமா, நான் காத்திருக்கேன்.”

அதில் குத்தல் இல்லை. நோட்டில் இருக்கும் எண்ணைப் படிப்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவிலிருந்து விலகி நின்றுகொண்டாள்.

நான் மெஷினை அணைத்தேன். தொட்டியின் தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தேன். ஒயர் தரையில் இழுபட்டது. ரேடியோ எழுந்து நின்றார். அவர் கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று.

“என்ன சார் இது?”

“என் தம்பி மூச்சு விடற மெஷின். இது இல்லாம தூங்கினா அவனுக்கு மணிக்கு நாப்பத்தோரு தடவை மூச்சு நின்னுடும். டிப்போவுல வண்டியக் குடுக்க மாட்டேங்கறாங்க. போதுமா?”

அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் ரேடியோ பேச்சில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு காகிதத்தைப் பிரித்தார். உள்ளே புதுப் பேரிங்.

“அப்ப ஃபேனு?”

“ஃபேனுக்கு ஒண்ணும் இல்ல.”

“நாலு கடை ஏறி இறங்கினேன் சார். புது மாடல்னு சொன்னீங்களேன்னு.” பேரிங்கை மேஜைமேல் வைத்தார். “சரி, இருக்கட்டும். ஃபேன்னு இருந்தா என்னிக்காவது போகத்தானே செய்யும். அந்த ஒயரைப் பிடிச்சுக்கறேன், நீங்க நடங்க.”

ஒயரை அவர் தூக்கிப் பிடிக்க, நான் உள்ளே போனேன். அவள் தம்பியை எழுப்பி மாஸ்க்கைச் சரிசெய்து, ஆறடிக் குழாயைப் பொருத்தினாள். “ரைட்,” என்றான் அவன் அரைத் தூக்கத்தில். பொத்தானை அவளே அழுத்தினாள். மணி பத்து ஐம்பது என்று எழுதிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. மறுநாள் டிப்போவிலும் தெரிந்தது. தம்பிக்கு ‘ஏர் பிரேக்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாளில் அவன் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டான்.

அன்று பாதித் தூக்கம் கெட்டதால் ஏழு. மறுநாள் நான்கு. பிறகு மூன்று, மூன்று. சளி பிடித்த ஒரு நாள் ஆறு வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள், “சளி போனா சரியாயிடும் மாமா,” என்று சொல்லிவிட்டு எதையும் மாற்றாமல் விட்டாள். எப்போது கை வைக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் நான்கு, அதன்பின் நான்கு நாளும் மூன்று. பத்து நாள் சராசரி மூன்று புள்ளி ஒன்பது.

முப்பத்தொன்றாவது நாள் மதியம் மூவரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் அட்டையைக் கணினியில் போட்டுத் திரையை நீண்ட நேரம் பார்த்தார்.

“ஆறு நாள் நல்லா இருக்கு. பதினாலு நாள் மோசம். அப்புறம் திடீர்னு பத்து நாள் நல்லா இருக்கு. சரியா கணக்கு ஆரம்பிக்கற நாள்லேருந்து.” கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “கடைசிப் பத்து நாள் மாஸ்க்கை மாட்டினது இவர்தானா, வேற யாராவதா?”

நாற்காலியின் கையை அழுத்தி எழுந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. தம்பி என் முழங்கையைப் பிடித்தான். அவள் அதற்குள் நோட்டை மேஜைமேல் விரித்து மருத்துவர் பக்கம் திருப்பியிருந்தாள்.

அவர் ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். பிறகு நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாக வைத்து ஒத்துப் பார்க்க ஆரம்பித்தார். பதினொன்றாம் நாள், ஒன்பது நாற்பது, பன்னிரண்டு நொடி. திரையிலும் அதே நேரத்தில் கோடு தட்டையாக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் ஒத்துப்போனது.

“இதை யார் எழுதினது?”

“நான்தான் சார். மதியம் ஷிஃப்டுக்குப் போறவரைக்கும் பக்கத்துல இருப்பேன்.”

“எங்க லேப்ல ஒயர் மாட்டித்தான் இதெல்லாம் எடுப்போம்,” என்றார் அவர். இருபத்தொன்றாம் நாள் பக்கத்துக்கு வந்து நிறுத்தினார். குழாய் பன்னிரண்டடி, நடுவில் இணைப்பு, கசிவு, தண்ணீர், ஆறடியாக மாற்றியது, பத்து ஐம்பது. இவ்வளவுதான் இருந்தது. அங்கே ஒரு பெயரும் இல்லை.

“இந்த இணைப்பைப் போட்டது யாரு?”

“வீட்ல போட்டது சார்,” என்றாள்.

“நான் போட்டேன்,” என்றேன். “மெஷின் இருக்கறது வெளியில தெரியக் கூடாதுன்னு போட்டேன். உங்க டெக்னீஷியன் கேட்டப்பவும் மறைச்சேன். அந்தப் பதினாலு நாளும் என்னாலதான். இவங்க ரெண்டு பேருக்கும் அதுல சம்பந்தம் இல்ல. எழுதிக்கணும்னா எழுதிக்குங்க.”

மருத்துவர் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்ற இடத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“வீட்ல சிகிச்சைக்குப் பொறுப்பாளர்னு ஒரு இடம் இருக்கு. மாசா மாசம் அவங்ககிட்டதான் கேப்போம். குடும்பத்துக்குப் பெரியவர் நீங்கதானே, இங்க போடுங்க.”

பேனாவை வாங்கினேன். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் என் கையெழுத்துதான். அதை அவளிடம் நீட்டினேன்.

“இவங்கதான் பொறுப்பு, டாக்டர். இவங்க கையெழுத்துதான் செல்லும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் கடிகாரம் எங்கே என்று தேடினாள்.

“ஒண்ணு முப்பத்தஞ்சு ஆச்சு. ரெண்டு மணிக்கு நான் வால்வு திறக்கணும்,” என்று சொல்லிக்கொண்டே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடியில் தேதியும் நேரமும் குறித்தாள். “சீல் இவங்க வாங்கிப்பாங்க சார்.” தம்பியிடம் நோட்டைக் கொடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படி இறங்கிப் போனாள்.

நானும் தம்பியும் சீலுக்காக உட்கார்ந்திருந்தோம்.